சென்னைத் தந்தி முதல் காதங்கி ரேடார் வரை: எரிகல் பொழிவின் வரலாறு

எரிகல் பொழிவு என்பது, வால்நட்சத்திரம் ஒன்று என்றோ உதிர்த்துவிட்டுப் போன தூசிக்குள் பூமி புகுந்து வெளியேறும் நிகழ்ச்சி. வால்நட்சத்திரத்தின் உடல் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ள, பனியும் தூசியும் கலந்த கட்டி. சூரியனை விட்டு விலகியிருக்கும் காலமெல்லாம் அது உறைந்து கிடக்கும். நெருங்கி வரும்போது மேற்பரப்புப் பனி, உருகி நீராகாமல் நேரே ஆவியாகும். அந்த ஆவி சீறிக்கொண்டு வெளியேறும்போது தூசியையும் வாரிக்கொண்டு கிளம்பும். அமெரிக்க வானியலர் ஃப்ரெட் விப்பிள் 1950-இல் முன்வைத்த இந்த விளக்கமே, பல திருத்தங்களுடன் இன்றும் நிற்கிறது.

கிளம்பும் தூசி எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. புகையளவு நுண்ணியவற்றைச் சூரிய ஒளியின் அழுத்தமே தள்ளிவிடும். மக்கள் பார்த்து வியக்கும் வால் அதுதான். எரிநட்சத்திரமாக விழுபவை அதைவிடப் பருத்தவை. மணல் பருமன் முதல் மிளகு பருமன் வரையுள்ள அந்தத் துகள்கள் வாலோடு போகாமல், ஏறக்குறையத் தாயின் பாதையிலேயே சூரியனைச் சுற்றத் தொடங்குகின்றன. அவை பிரியும் வேகம் நொடிக்குச் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரைதான். வால்நட்சத்திரமோ பூமியின் தொலைவைக் கடக்கையில் நொடிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே பாதை பெரிதும் மாறாது. ஆனால் சுற்றுக்காலத்தில் சில வாரமோ சில மாதமோ வித்தியாசம் விழும். சுற்று ஏற ஏற அந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போய், தூசி நீண்ட சரடாகிவிடுகிறது. சித்தூர் நெடுஞ்சாலையில் மணல் லாரி போய் வெகுநேரமான பின்னும் அது சிந்திய மணல் வழியைக் காட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. இங்கே சிந்திய மணலும் லாரியின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் வேறுபாடு.

ஒவ்வொரு வருகையும் தனித்தனிச் சரடு ஒன்றை விட்டுச் செல்லும். வியாழனின் ஈர்ப்பு ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் இழுத்து வளைக்கும். பல நூற்றாண்டுகளில் சரடுகள் ஒன்றோடொன்று கலந்து அகன்ற தூசி ஓடையாகும். அந்த ஓடையைப் பூமி கடக்கும்போது ஆண்டுதோறும் வரும் சாதாரணப் பொழிவு நிகழ்கிறது. மணிக்குப் பத்து, இருபது, மிஞ்சினால் நூறு எரிநட்சத்திரங்கள். கலையாத இளஞ்சரடு ஒன்றின் நடுவே பூமி புகுந்துவிட்டால் கதையே வேறு. சரடுகள் மெலிந்தவை, பூமி மணிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நகர்கிறது. ஆகவே அந்தப் புயல் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அடித்து ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் எந்த நாடு இரவில் இருக்கிறதோ, அந்த நாட்டாருக்குத்தான் காட்சி.

தூசிப் பாதையும் பூமியின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடம் எளிதில் மாறாது. அதனால்தான் பொழிவுகள் காலண்டரில் குறித்துவைத்ததுபோல வருகின்றன. ஹேலி வால்நட்சத்திரத்தின் தூசி மே முதல் வாரத்திலும் அக்டோபர் மூன்றாம் வாரத்திலும், ஸ்விஃப்ட்-டட்டிலின் தூசி ஆகஸ்ட் 12, 13 வாக்கிலும், டெம்பல்-டட்டிலின் தூசி நவம்பர் 17, 18 வாக்கிலும் வரும். துகள்கள் எல்லாம் இணையாகவே பாய்ந்தாலும், கீழிருந்து பார்ப்பவருக்கு அவை வானில் ஒரே புள்ளியிலிருந்து விரிவதாகத் தோன்றும். அந்தக் கதிர்ப்புள்ளி எந்த விண்மீன் கூட்டத்தில் இருக்கிறதோ அதன் பெயரையே பொழிவு பெறுகிறது. சிம்மத்தில் இருந்தால் லியோனிட், மிதுனத்தில் இருந்தால் ஜெமினிட்.

இந்தப் புள்ளிதான் ஆய்வின் முதல் துப்பு. 1833 நவம்பர் 13 விடியற்காலையில் வட அமெரிக்காவின் மேல் மணிக்குப் பல்லாயிரம் எரிநட்சத்திரங்கள் பொழிந்தன. ஊரெங்கும் உலகம் முடிந்தது என்ற அலறல். யேல் கல்லூரியின் டெனிசன் ஆம்ஸ்டெட், அவை அனைத்தும் சிம்மத்திலிருந்தே விரிந்ததையும், இரவு நகர நகர அந்தப் புள்ளி சிம்மத்தோடு சேர்ந்தே நகர்ந்ததையும் கவனித்தார். காற்று மண்டலத்தில் கொளுத்தப்பட்ட ஏதோ ஆவி என்றால் அது பூமியோடு சுழன்றிருக்கும். விண்மீன்களோடு நகர்ந்ததால் வெளியிலிருந்து வந்தது என்று ஆயிற்று. அடுத்த புயலை 1866-க்கு ஹியூபர்ட் நியூட்டன் கணித்துச் சொன்னார். அதுவும் தவறாமல் வந்தது. அதே காலத்தில் இத்தாலியின் ஸ்கியாபரெல்லி, ஆகஸ்ட் மாதப் பொழிவின் பாதையும் 1862-இல் வந்த ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரத்தின் பாதையும் ஒன்றே என்று காட்டினார். நவம்பர் பொழிவுக்கான தாயும் உடனே அகப்பட்டது: 1865 டிசம்பரில் டெம்பலும், 1866 ஜனவரியில் டட்டிலும் கண்டெடுத்த, ஏறத்தாழ 33 ஆண்டுச் சுற்றுள்ள வால்நட்சத்திரம்.

கொள்கைக்குச் சோதனை 1872-இல் வந்தது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆறேமுக்கால் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவந்த பீலா வால்நட்சத்திரம், 1846 வருகையில் இரண்டாகப் பிளந்தது. 1852-இல் இரண்டும் தள்ளித் தள்ளி வந்தன. அதன் பின் யார் கண்ணிலும் படவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, அந்தப் பாதையைப் பூமி கடந்தபோது, ஐரோப்பிய வானில் ஆயிரக்கணக்கில் எரிநட்சத்திரங்கள் ஆண்ட்ரோமீடாவிலிருந்து விரிந்தன. காணாமற்போன வால்நட்சத்திரம் தூசியாக முகம் காட்டியது.

கோட்டிங்கன் வானியலர் கிளிங்கர்ஃபியூஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். தூசி ஆண்ட்ரோமீடா திசையிலிருந்து வந்தது என்றால், பூமியைத் தாண்டிச் செல்வது நேர் எதிர்த்திசையில், தென்வானில் சென்டாரஸ் கூட்டத்தின் தீட்டா விண்மீன் பக்கம் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அந்த இடத்தைத் தேடுவது கடினம். 13 பாகை வட அகலாங்கில் இருக்கும் சென்னையிலிருந்து முடியும். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் பாக்சனுக்கு, பீலா பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடு என்று தந்தி பறந்தது. விண்மீன்களின் ஒளியளவைக்கு இன்றும் பயன்படும் கணக்கு முறையை வகுத்தவர் இந்தப் பாக்சன்தான். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டுபிடித்தவர். வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் முதலில் விடவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு விடியல்களில் மேகம் விலகியபோது, சொன்ன இடத்தின் அருகே உண்மையாகவே ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. பிறகு மீண்டும் மேகம்.

இரண்டு நாள் அளவீடுகளைக் கொண்டு பாதையைக் கணிக்க முடியாது. குறைந்தது மூன்று வேண்டும். பீலாவின் உடல் அந்த இடத்தைப் பல வாரங்களுக்கு முன்பே கடந்திருக்க வேண்டும் என்று பிந்தைய கணக்குகள் காட்டியதால், பாக்சன் கண்டது வேறொரு வால்நட்சத்திரம் என்றே இன்று கொள்ளப்படுகிறது. தவறான காரணத்துக்காகத் தேடப் போய், அதே இடத்தில் வேறொன்றைப் பிடித்த விந்தை இது. கிளிங்கர்ஃபியூஸ் அன்று பிரித்துப் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு: தூசி பூமியைத் தொடுவதற்கும் தாய் அருகில் இருப்பதற்கும் தொடர்பு கட்டாயமில்லை. பின்னாளில் எரிகல் ரேடார்கள் எழவிருந்த வட்டாரத்தின் சித்தூர், அன்று வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம். திருப்பதியும் அதே மாவட்டம். சென்னை வானாய்வகத்தின் அகலாங்கை அரைப் பாகை தள்ளிப் பகிர்ந்துகொள்ளும் இந்த நிலம் எரிகல் ஆய்வுக்குள் வர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இடையில் ஒரு பெரிய ஏமாற்றம். 1899-இல் லியோனிட் புயல் மீண்டும் வரும் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் விழித்திருந்தன, வரவில்லை. வியாழனும் சனியும் சரட்டைப் பூமியின் பாதையிலிருந்து விலக்கியிருந்தன. பொதுமக்கள் வானியலரைக் கேலி செய்தனர். ஆனால் அதே வருகையின்போது வால்நட்சத்திரம் புதிதாக ஒரு சரட்டை உதிர்த்துவிட்டுப் போயிருந்தது. அதன் முறை வர நூறாண்டு ஆகும்.

அடுத்த மாற்றத்தில் ஆய்வு கண்ணை விட்டு ரேடியோவுக்கு நகர்ந்தது. காற்றில் நுழையும் துகள் லியோனிட் ஆனால் நொடிக்கு 71 கிலோமீட்டர், ஜெமினிட் ஆனால் 35 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். லியோனிட் தூசி பூமிக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் நேருக்கு நேர் மோதுகிறது; அதுவே அந்த வேகத்துக்குக் காரணம். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் உயரத்தில் துகள் பழுத்து ஆவியாகத் தொடங்கும். 80 கிலோமீட்டருக்குள் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். ஆவியான அணுக்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி எலக்ட்ரான்களை இழக்க, வழி நெடுக மெல்லிய மின்னேற்றக் கோடு ஒன்று எஞ்சும். அந்தக் கோடு ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மானிய வி-2 ராக்கெட்டுகளைத் தேடிய பிரிட்டிஷ் ரேடார்களில் பொய் எதிரொலிகள் தொல்லை கொடுத்தன, ஜே.எஸ். ஹேயும் ஸ்டூவர்ட்டும் அவை எரிநட்சத்திரங்கள் என்று கண்டறிந்தனர். 1946 அக்டோபர் 10-இல் ஜியாகோபினி-ஸின்னர் வால்நட்சத்திரத்தின் தூசி பொழிந்தபோது எதிரொலிகள் குவிந்ததும் ஐயம் தீர்ந்தது. ரேடாருக்குப் பகலும் மேகமும் ஒன்றுதான். பகலில் மட்டுமே நிகழும் பொழிவுகள் இருப்பதை ஜோட்ரல் பேங்க் ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே கண்டனர்.

மேகம் தடையில்லை என்பது திருப்பதிப் பகுதிக்குச் சிறு வசதி அல்ல. ஆகஸ்ட் பொழிவு தென்மேற்குப் பருவக்காற்றின் மேகத்தில் மறையும். அதன் கதிர்ப்புள்ளி இந்த அகலாங்கில் 45 பாகைக்கு மேல் ஏறுவதுமில்லை. தலைக்கு மேலேயே வரும் லியோனிட், ஜெமினிட் இரண்டும் நவம்பர், டிசம்பரில், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுகள் வரிசை கட்டும் மாதங்களில் வருகின்றன. கண்ணால் பார்க்க ஓரளவு நம்பக்கூடியது மே மாத அதிகாலையில் வரும் ஹேலியின் தூசி மட்டும்.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாகாலா வட்டாரத்துக் காதங்கி. சுற்றிலும் குன்றுகள் நிற்கும் பள்ளத்தாக்கு. வெளியூர் ரேடியோ இரைச்சலைக் குன்றுகள் தடுத்துவிடும். 1980-களில் தொடங்கிய இந்திய இடைவளி மண்டலத் திட்டத்தின் கீழ், நாட்டின் எம்.எஸ்.டி. (இடை, அடுக்கு, அடிவளி மண்டல) ரேடாருக்கு இடம் தேடியபோது இது தேர்வானது. மும்பையின் சமீர் நிறுவனம் கட்டிக் கொடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் தேசிய எம்.எஸ்.டி. ரேடார் நிலையம் என்ற பெயரில் அமைப்பு உருவாயிற்று. 2005-இல் அது தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் ஆனது. வீட்டு மொட்டைமாடிகளில் ஒரு காலத்தில் நின்ற தொலைக்காட்சி ஆன்டெனாவின் இனத்தைச் சேர்ந்த யாகி ஆன்டெனாக்கள், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசையாக, மொத்தம் 1,024 இடங்களில், பக்கத்துக்கு 130 மீட்டர் உள்ள சதுரத்தில் நிற்கின்றன. கட்டப்பட்டபோது 32 அலைபரப்பிகள் அவற்றுக்கு மின்சக்தி ஊட்டின. அப்போதைய உச்ச ஆற்றல் 2.5 மெகாவாட். அலைவரிசை 53 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அலைநீளம்.

இந்த ரேடார் கட்டப்பட்டது எரிநட்சத்திரத்துக்காக அல்ல; அடிவளி மண்டலம், அடுக்கு மண்டலம், இடை மண்டலம் ஆகியவற்றில் ஓடும் காற்றை அளக்க. ஆயினும் 80 கிலோமீட்டருக்கு மேல் அது அனுப்பும் அலைகளில் எரிகல் கோடுகள் சிக்கிக்கொண்டே இருந்தன. ஐதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழக வானியல் துறையினர் லியோனிட், ஜெமினிட் நாள்களில் காதங்கிக்கு வந்து அந்த எதிரொலிகளையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டனர்.

ஓர் எதிரொலி எப்படி இருக்கும் என்பது பார்க்கத் தக்கது. கோடு உருவான கணத்தில் சமிக்ஞை செங்குத்தாக எழும். அடுத்த நொடியின் நூறில் சில பங்கிலேயே அது சரியத் தொடங்கும். மின்னேற்றக் கோடு பக்கவாட்டில் விரிந்து கலைவதே காரணம். எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பது அந்த உயரத்துக் காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. சரியும்போதே காற்று அந்தக் கோட்டைத் தள்ளிக்கொண்டு போவதால், திரும்பும் அலையின் கட்டம் மாறும். அதிலிருந்து காற்றின் வேகம் கிடைக்கும். ராக்கெட் அனுப்பாமல் 90 கிலோமீட்டர் உயரத்துக் காற்றை அளக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் எம்.எஸ்.டி. ரேடாருக்கு ஒரு குறை உண்டு. அதன் கற்றை மூன்று பாகைக்குள் அடங்கும் ஒல்லியான ஒன்று. செங்குத்திலிருந்து 20 பாகை வரைதான் சாயும். எதிரொலி நன்றாக வர வேண்டுமானால் கோடு கற்றைக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். கதிர்ப்புள்ளி கீழ்வானத்தில் இருக்கும்போது துகள்கள் கிடையாகப் பாய்வதால் கோடுகள் சிக்கும். உச்சிக்கு ஏறிவிட்டால் கோடுகள் நெட்டாக விழும், கற்றை அவற்றின் நீளவாக்கில் பார்க்கும், எதிரொலி தேய்ந்துவிடும். கண்ணுக்குச் சிறந்த நேரமும் ரேடாருக்குச் சிறந்த நேரமும் ஒன்றல்ல. கற்றையை வடக்கே சாய்த்து, பூமியின் காந்தப்புலக் கோடுகளுக்குச் செங்குத்தாகப் பார்த்தால், கோடு குழம்பிய பின்னும் நீடிக்கும் வேறு வகை எதிரொலிகள் கிடைப்பது ஓர் ஆறுதல்.

1998 பிப்ரவரியில் டெம்பல்-டட்டில் சூரியனை நெருங்கிச் சென்றது. அந்த நவம்பரில் புயல் எதிர்பார்க்கப்பட்ட நேரத்துக்குப் பல மணி முன்பாகவே பெரிய தீக்கோளங்கள் விழுந்தன. அவை 1333-இல் உதிர்ந்த தூசி என்று பின்னர் கணக்கிடப்பட்டது. இதற்குள் சரடு சரடாகக் கணிக்கும் முறை உருவாகியிருந்தது. ரஷ்ய ஆய்வாளர்கள் கொண்டிராட்யேவாவும் ரெஸ்னிகோவும் 1985-இலேயே தொடங்கிவைத்த அம்முறையை டேவிட் ஆஷரும் ராபர்ட் மெக்நாட்டும் கூர்மையாக்கினர். 1899-இல் உதிர்ந்த சரட்டைப் பூமி 1999 நவம்பர் 18 அன்று, இந்திய நேரம் காலை 7.38-க்குக் கடக்கும் என்றனர். உச்சம் அதற்குச் சில நிமிடம் முன்னதாக வந்தது. ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் கண்டு களித்தன. திருப்பதியில் வெயில் ஏறியிருந்தது. 2001 நவம்பர் 18 உச்சம் இந்திய நேரப்படி நள்ளிரவை ஒட்டி வந்தது. தென்னிந்தியாவில் சிம்மம் அப்போதுதான் எழத் தயாராகிக்கொண்டிருக்க, ஜப்பானும் கொரியாவும் முழுப் புயலையும் வாரிக்கொண்டன. பல நூற்றாண்டுத் தூசியின் வருகையை நிமிடக் கணக்கில் சொல்ல முடிந்ததே இந்த ஆண்டுகளின் பெரிய அறுவடை.

திருப்பதி நகருக்குள்ளேயே எரிகல்லுக்கென்று ஒரு ரேடார் வந்தது 2013-இல். திருவேங்கடவன் பெயரைத் தாங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வளாகத்தில், காதங்கி ஆய்வுக்கூடத்தின் கூட்டுறவுடன் நிறுவப்பட்ட இது, 35.25 மெகாஹெர்ட்ஸில் 40 கிலோவாட் உச்ச ஆற்றலுடன் இயங்குவது. காதங்கியோடு ஒப்பிட்டால் ஆற்றல் சொற்பம். ஆனால் இது வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. ஐந்து ஏற்பி ஆன்டெனாக்களுக்கு எதிரொலி வந்து சேரும் கட்ட வேறுபாட்டிலிருந்து அது எத்திசையில் எவ்வுயரத்தில் எழுந்தது என்று கணக்கிடப்படும். அலைநீளம் எட்டரை மீட்டர். எதிரொலியின் ஆயுள் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், காதங்கியில் ஒரு பங்கு நேரம் நிற்கும் கோடு இங்கே இரண்டு பங்குக்கு மேல் நிற்கும்.

இத்தகைய ரேடார்களில் நாளொன்றுக்குப் பல்லாயிரம் கோடுகள் பதிவாகும். விடியற்காலை ஆறு மணி வாக்கில் மிகுதி, மாலை ஆறு வாக்கில் குறைவு. விடியலில் அந்த இடம் பூமியின் முன்முகத்தில் இருந்து தூசியை எதிர்கொள்கிறது, மாலையில் பின்முகத்துக்குப் போய்விடுகிறது. பெரும் பொழிவு நாள்களிலும் மொத்த எண்ணிக்கை எகிறிவிடுவதில்லை. எந்தப் பொழிவிலும் சேராத உதிரித் தூசியே ரேடாரில் மிகுதி. பொழிவுத் துகள்கள் எண்ணிக்கையில் குறைந்தவை, பருமனில் கூடியவை. லியோனிட் போன்ற அதிவேகத் துகள்கள் மிக உயரத்திலேயே எரிவதால், கோடு பிறக்கும்போதே அகன்றுவிட, ரேடார் பலவற்றைத் தவறவிடும். ஆகவே பொழிவைப் பிரித்தெடுக்க எண்ணிக்கையைவிடத் திசையே உதவுகிறது: கோடுகளின் இடங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் கதிர்ப்புள்ளி வெளிப்படும். ஆம்ஸ்டெட் கண்ணால் கண்டதை இங்கே கணினி செய்கிறது.

எரிந்த தூசி மறைந்துவிடுவதில்லை. அதிலிருந்த சோடியம், இரும்பு, மக்னீசியம் அணுக்கள் 80-க்கும் 105-க்கும் இடைப்பட்ட கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலங்களாகத் தங்குகின்றன. 589 நானோமீட்டர் மஞ்சள் லேசரை மேலே அனுப்பிச் சோடியம் படலத்தைக் காதங்கியிலிருந்து அளக்கும் லைடார் 2005 முதல் இயங்கியது. படலத்தின் தடிப்பு பருவத்துக்கும் இரவின் நேரத்துக்கும் தக்கபடி ஏறி இறங்குகிறது. இந்த உலோகங்கள் மெல்ல மெல்லக் கூடி நுண் புகையாகி, கீழே இறங்கி, கடைசியில் நிலத்திலும் கடலிலும் சேர்கின்றன.

ஜெமினிட் பொழிவின் தாய் மட்டும் இந்த வரிசையில் பொருந்தாமல் நிற்கிறது. 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் கண்டெடுத்த ஃபேத்தான், ஒன்றரை ஆண்டுக்குள் சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள். பனி இருப்பதற்கான அடையாளம் இல்லை. இவ்வளவு தூசியை அது எவ்வாறு உதிர்த்தது என்பது இன்னும் முடிவாகவில்லை. டெம்பல்-டட்டில் மீண்டும் சூரியனை நெருங்குவது 2031 மே மாதத்தில். வியாழனின் இழுப்பால் சரடுகள் விலகியிருப்பதால், 1999, 2001 அளவுக்குப் புயலை அடுத்து வரும் நவம்பர்களில் கணக்குகள் எதிர்பார்க்கவில்லை.